'ஸ்டிக்கர் ஒட்டினா ஸ்போர்ட்ஸ் காரா?' - கம்பெனி ஃபிட் 'பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்'... கார் ரசிகர்கள் கொதிப்பது ஏன்? முழு விளக்கம்

ஒரு கார் கம்பெனி 'பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்' என்று ஒன்றை அறிவித்தால் போதும். கார் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். "எஞ்சினைத் தொடவே இல்லை, இதுக்குப் பேர் பெர்ஃபார்மன்ஸா?" என்று ஒரு கட்சி. "ஓட்டிப் பார்த்துட்டுப் பேசுங்க பாஸ்" என்று இன்னொரு கட்சி. அமெரிக்காவில் சுபாரு கூபே காருக்கும் இதே சண்டை நடந்தது, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனுக்கும் இதே சண்டைதான்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. உத்திரமேரூர் பக்கம் மானாம்பதி மாதிரியான ஊர்களில் இருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு, தாங்கள் பார்த்துப் பழகிய காரை ஒரு நாள் சொந்தமாக வாங்க வேண்டும் என்பது பெரிய கனவு. அந்தக் கனவுக்கு 5 வருடம், 7 வருடம் இஎம்ஐ கட்டப் போகிறவர், கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் என்றால் என்ன?

ஒரே மாடல் கார். அதை வாங்கும்போதே கூடுதல் பணம் கட்டினால், ஓட்டும் தன்மையை மாற்றும் சில பாகங்களைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தருவார்கள். இதுதான் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ். வழக்கமாக இதில் வருபவை இவை:

* இறுக்கமான ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்: வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்வது குறையும்.

* பெரிய பிரேக்: பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் வலுவான கேலிப்பர். திரும்பத் திரும்ப பிரேக் அடித்தாலும் சூடேறி பிடிமானம் குறைந்து போகாது.

* அகலமான வீல், நல்ல டயர்: ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான். அதனால் மற்ற எல்லா மாற்றமும் கடைசியில் டயர் வழியாகத்தான் வேலை செய்யும்.

* லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்: வளைவில் வேகமாகத் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் மீது எடை குறையும். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்தச் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றும். அப்படி வீணாகும் சக்தியை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் திருப்பி விடுவதுதான் இதன் வேலை.

* சைலன்சர்: சத்தம் மாறும். வேகம் பெரும்பாலும் மாறாது.

* எஞ்சின் சக்தி: சில பேக்கேஜில் கூடும். பல பேக்கேஜில் கூடவே கூடாது. சண்டை தொடங்கும் இடம் இதுதான்.

சுபாரு கூபே: 'டர்போ கேட்டோம், பிரேக் கொடுத்தீங்க!'

இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் சுபாரு பிஆர்இசட். 2012-ல் வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபே இது. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்காவில் இதன் 2 லிட்டர் எஞ்சின் 200 குதிரைத்திறன் கொடுத்தது. 'காரின் ஓட்டம் அருமை, ஆனால் இழுவை போதாது, டர்போ வேணும்' என்று முதல் வருடத்தில் இருந்தே ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2017 மாடலுக்கு 'பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்' வந்தது. பிரெம்போ பிரேக், சாக்ஸ் ஷாக் அப்சார்பர், அரை அங்குலம் அகலமான 17 அங்குல வீல். விலை சுமார் 1,200 டாலர். எஞ்சினுக்கு இந்தப் பேக்கேஜில் எதுவும் இல்லை. அந்த வருடம் மேனுவல் கியர் கார்களில் 5 குதிரைத்திறன் கூடியது. ஆனால் அது பேக்கேஜ் வாங்காதவர்களுக்கும் கிடைத்தது.

ஏமாற்றம் கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை. பல வருடம் டர்போவுக்குக் காத்திருந்தவருக்கு பிரேக்கைக் கொடுத்தால் கோபம் வராதா? ஆனால் இன்னொரு பக்கம் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் சொன்ன கணக்கும் நியாயமானது. பிரெம்போ பிரேக்கை வெளியே தனியாக வாங்கிப் பொருத்தினால், பிரேக்குக்கு மட்டுமே இதைவிடப் பல மடங்கு செலவாகும். ஷாக் அப்சார்பரும் வீலும் வேறு சேர்ந்து வருகிறது, கம்பெனி வாரண்டியும் இருக்கிறது. அப்புறம் என்ன?

டர்போ என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? 2022 மாடலாக வந்த அடுத்த தலைமுறை பிஆர்இசட்டில் எஞ்சின் 2.4 லிட்டராகப் பெரிதாகி, 228 குதிரைத்திறன் ஆனது. டர்போ அப்போதும் வரவில்லை.

வெலோஸ்டர் என்: கேட்டதைக் கொடுத்த பேக்கேஜ்

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஹூண்டாயின் வெலோஸ்டர் என். ஓட்டுநர் பக்கம் ஒரு கதவு, மறுபக்கம் இரண்டு கதவு என்று விசித்திரமான அமைப்பில், பாதி கூபே மாதிரி இருக்கும் கார். 2019 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சாதாரண வெலோஸ்டர் என் காரில் 250 குதிரைத்திறன். 2,100 டாலர் கூடுதலாகக் கட்டி பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் எடுத்தால் 275. கூடவே பெரிய பிரேக், 19 அங்குல வீல், மின்னணு லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், தேவைக்கேற்ப சத்தத்தை மாற்றும் சைலன்சர்.

ரசிகர்கள் இதைக் கொண்டாடினார்கள். 'இந்தப் பேக்கேஜ் இல்லாமல் வாங்காதே' என்பதே பொதுவான அறிவுரையாக இருந்தது. 2021 மாடலில் அந்தப் பாகங்களை எல்லா வெலோஸ்டர் என் கார்களிலும் கம்பெனியே கட்டாயமாகக் கொடுத்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பேக்கேஜ் நல்லதா, கெட்டதா என்பதை விட, ரசிகர் எதைக் கேட்டார், கம்பெனி எதைக் கொடுத்தது என்பதில்தான் அவர்களுடைய கோபமும் கொண்டாட்டமும் இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை கதை: 'என்' வேற, 'என் லைன்' வேற

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து 1998-ல் சான்ட்ரோ வெளிவந்தது. ஐ20 தயாராவதும் இங்கேதான். 2021 செப்டம்பரில் ஐ20 என் லைன் அறிமுகமானது. இந்தியாவில் 'என் லைன்' பெயரில் வந்த முதல் கார் இதுதான். அறிமுக விலை 9.84 லட்சம் ரூபாயில் தொடங்கியது (எக்ஸ்-ஷோரூம்).

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஹூண்டாயின் 'என்' என்பது தனி பெர்ஃபார்மன்ஸ் பிரிவு. தென்கொரியாவில் ஹூண்டாயின் ஆராய்ச்சி மையம் இருக்கும் நம்யாங், ஜெர்மனியின் புகழ்பெற்ற ரேஸ் டிராக் நூர்பர்க்ரிங், இரண்டின் முதல் எழுத்தும் 'என்'. ஐரோப்பாவில் விற்ற முழு ஐ20 என் காரில் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், 204 பிஎஸ் சக்தி. 100 கிலோமீட்டர் வேகத்தை 6.2 நொடியில் தொடும்.

'என் லைன்' அது இல்லை. சாதாரண காரை எடுத்து, 'என்' சாயலில் தோற்றத்தையும், ஓட்டும் தன்மையைக் கொஞ்சமும் மாற்றித் தருவது. ஐ20 என் லைனில் 1 லிட்டர் டர்போ எஞ்சின், 120 பிஎஸ் சக்தி, 172 என்எம் டார்க். அந்த நேரத்தில் சாதாரண ஐ20 டர்போவிலும் இதே எஞ்சின், இதே 120 பிஎஸ்தான்.

அப்போ ஸ்டிக்கர் மட்டும்தானா? இல்லை. மாறிய விஷயங்களைப் பாருங்கள்:

* நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்
* இறுக்கமாக மாற்றப்பட்ட சஸ்பென்ஷன்
* கையில் கனமாக உணரும்படி மாற்றப்பட்ட ஸ்டியரிங்
* கரகரப்பான சத்தம் தரும் இரட்டைக் குழாய் சைலன்சர்
* 16 அங்குல அலாய் வீல், சிவப்பு வேலைப்பாடுகள், உள்ளே தனி சீட், தனி ஸ்டியரிங் வீல்

ரசிகர்களின் விமர்சனம் மூன்று விதமாக வந்தது. ஒன்று, 'ஒரு பிஎஸ் கூட ஏத்தலையே' என்ற ஆதங்கம். இரண்டு, 'என்' எழுத்தைப் போட்டு ஆசை காட்டுகிறார்கள் என்ற கோபம். மூன்றாவது கொஞ்சம் சுவாரசியமானது. இந்தக் கார் வந்தபோது அதில் இருந்தது 7 கியர் டிசிடி ஆட்டோமேட்டிக் அல்லது 6 கியர் ஐஎம்டி. ஐஎம்டியில் கியரைக் கையால் மாற்ற வேண்டும், ஆனால் கிளட்ச் பெடல் இருக்காது. 'ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லிட்டு கிளட்ச்சை எடுத்துட்டீங்களே' என்பதுதான் அந்த மூன்றாவது குரல்.

2023 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஐ20 என் லைன் வந்தபோது ஐஎம்டி போய், கிளட்ச் பெடலோடு 6 கியர் மேனுவல் வந்தது. அதே சமயம் சாதாரண ஐ20-ல் டர்போ எஞ்சின் நிறுத்தப்பட்டது. அதாவது, டர்போ வேண்டுமென்றால் என் லைன்தான் என்று ஆனது. 'அதே எஞ்சின்தானே' என்ற பழைய குற்றச்சாட்டு இதோடு தானாகவே வலுவிழந்து போனது.

முழு 'ஐ20 என்' இங்கே ஏன் வரவில்லை?

இதற்கான பதிலில் பெரிய பகுதி வரிக் கணக்கில் இருக்கிறது. இந்தியாவில் ஒரு பெட்ரோல் கார் 'சிறிய கார்' என்ற குறைந்த வரிக்குள் வர இரண்டு நிபந்தனை. நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும். இந்திய ஐ20-ன் நீளம் 3,995 மில்லிமீட்டர், அதாவது 4 மீட்டருக்கு வெறும் 5 மில்லிமீட்டர் குறைவு. எஞ்சின் 1 லிட்டர். இரண்டும் பாஸ்.

ஐரோப்பாவின் ஐ20 என் நீளத்தில் 4 மீட்டரைத் தாண்டும், எஞ்சினும் 1.6 லிட்டர். இரண்டிலும் ஃபெயில். 2025 செப்டம்பர் 22-ல் இருந்து சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். ஒரு ஹேட்ச்பேக் காருக்கு அந்த விலையைக் கொடுத்து எத்தனை பேர் வாங்குவார்கள்? கம்பெனி போடும் கணக்கு இதுதான்.

கோவை கதை: ஜெயம் - டாடா ஜேடிபி

'எஞ்சினையும் ஏத்திக் கொடுங்க' என்ற ரசிகர்களின் ஆசை தமிழ்நாட்டில் ஒரு முறை நிறைவேறியது. அது பலருக்கும் மறந்து போன கதை.

கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், ரேஸ் கார் வேலைகளில் பேர் வாங்கிய நிறுவனம். முன்னாள் பந்தய வீரர் ஜெ. ஆனந்த் தலைமையிலானது. இந்த நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் பாதிக்குப் பாதி பங்கில் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு கார்கள் வந்தன. டியாகோ ஜேடிபி அறிமுக விலை 6.39 லட்சம், டிகோர் ஜேடிபி 7.49 லட்சம் (எக்ஸ்-ஷோரூம்).

இதில் ஸ்டிக்கர் வேலை மட்டும் இல்லை. சாதாரண டியாகோ பெட்ரோலில் 85 பிஎஸ். ஜேடிபியில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 பிஎஸ், 150 என்எம். கியர் விகிதம் மாற்றப்பட்டது. சஸ்பென்ஷன் மாற்றப்பட்டு, கார் கொஞ்சம் தாழ்வானது. டயர் அகலமானது. 100 கிலோமீட்டர் வேகத்தை 10 நொடிக்குள் தொடும் என்று கம்பெனி சொன்னது. 7 லட்சத்துக்குள் இப்படி ஒரு கார் வந்ததை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

ஆனால் பாராட்டு எல்லாம் புக்கிங் ஆகவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதி வந்தது. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் காரின் எஞ்சினைப் புது விதிக்கு மாற்றுவது பெரிய செலவு. ஜேடிபி கார்கள் அந்த விதியைத் தாண்டவில்லை, 2020-ல் நிறுத்தப்பட்டன. ஒன்றரை வருடத்தில் கதை முடிந்தது.

எஞ்சினை மாற்றிய ஜேடிபி நின்றுவிட்டது. எஞ்சினைத் தொடாத என் லைன் புது மாடல் கண்டது. 'கம்பெனிகள் ஏன் எஞ்சினில் கை வைப்பதில்லை' என்று கேட்கும் ரசிகர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். எஞ்சின் சக்தியை மாற்றினால் மாசுச் சோதனை, மைலேஜ் சோதனை, சான்றிதழ் என்று எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஷாக் அப்சார்பரையும் பிரேக்கையும் மாற்றுவது அதைவிடச் சுலபம்.

'நானே வெளியே மாத்திக்கிறேன்' - முடியுமா?

'கம்பெனிக்கு எதுக்கு ஒரு லட்சம்? கடையில சைலன்சரும் ரீமேப்பும் போட்டா முடிஞ்சுது' என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ(4) பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டத்துக்குப் புறம்பாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

அதோடு முடியவில்லை. எஞ்சினில் வெளிஆள் கை வைத்தால் வாரண்டி போகும் வாய்ப்பு அதிகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றம் செய்த கார் விபத்தில் சிக்கினால், கிளெய்ம் கேட்கும் நேரத்தில் பிரச்னை வரும். காருக்கு மட்டும் இல்லை, எதிரில் வந்தவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டிலும் சிக்கல் எழலாம்.

கம்பெனி ஃபிட் பேக்கேஜின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். அந்தப் பாகங்கள் எல்லாம் சோதனை முடித்து, சான்றிதழ் வாங்கி, காரோடு சேர்ந்தே பதிவாகிறவை. ஆர்டிஓ கேட்டாலும் போலீஸ் கேட்டாலும் பயம் இல்லை. வாரண்டியும் அப்படியே இருக்கும்.

நம்ம ரோட்டுக்கு இது தேவையா?

நேர்மையாகப் பார்த்தால், பேக்கேஜில் உள்ள எல்லாமே எல்லோருக்கும் பயன்படாது. இறுக்கமான சஸ்பென்ஷன் நெடுஞ்சாலை வளைவில் நம்பிக்கை கொடுக்கும். அதே சஸ்பென்ஷன், கிராமத்து ரோட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடையில் முதுகுக்கு வேலை வைக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பின் சீட்டில் அவர்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பெரிய வீல், பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் பார்க்க அழகு. குழியில் இறங்கினால் வீல் வளையவும், டயர் வெடிக்கவும் வாய்ப்பு அதிகம். டயர் மாற்றும்போது செலவும் கூடும்.

மாறாக, நல்ல பிரேக் எல்லோருக்கும் பயன்படும். கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் போகும் ரோடு, அறுவடை நேரத்தில் நெல் காயும் ரோடு, மாடு திடீரென்று குறுக்கே வரும் ரோடு. இங்கே 100 கிலோமீட்டரை எத்தனை நொடியில் தொடும் என்பதை விட, 60-ல் இருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதுதான் முக்கியம். பேக்கேஜிலேயே பிடிக்காத, ரசிகர்கள் அதிகம் பேசாத பாகம்தான் உங்கள் உயிரைக் காப்பாற்றும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சாதாரண மாடலின் டாப் வேரியன்ட்டுக்கும் இதற்கும் ஆன்-ரோடு விலையில் எவ்வளவு வித்தியாசம்? எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

2. எஞ்சின், கியர், பிரேக், சஸ்பென்ஷன், டயர் - இந்த ஐந்தில் எது எது மாறுகிறது? எழுத்தில் உள்ள விவரக் குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தில் ஒன்றும் மாறவில்லை என்றால், நீங்கள் பணம் கொடுப்பது அழகுக்கு மட்டும்தான். அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்து கொடுங்கள்.

3. இந்தப் பாகங்கள் தொழிற்சாலையில் பொருத்தப்படுகிறதா, ஷோரூமில் ஆக்சஸரியாகப் போடப்படுகிறதா? வாரண்டி இரண்டுக்கும் ஒன்றல்ல.

4. டயர், பிரேக் பேட், கண்ணாடி, பம்பர் - இந்த மாடலுக்கு மட்டும் தனியாக வரும் பாகங்களின் விலை என்ன? உங்கள் பக்கத்து சர்வீஸ் சென்டரில் கிடைக்குமா?

5. இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு கூடும்?

வேகத்துக்கு இடம் எங்கே?

பேக்கேஜ் வாங்கியவருக்கு அதன் முழுத் திறமையைப் பார்க்க ஆசை வருவது இயல்பு. அதற்கு ஈசிஆரும் இடம் இல்லை, வந்தவாசி ரோடும் இடம் இல்லை. ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக்கும் இருக்கிறது. 1990-ல் திறக்கப்பட்டது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். தேசிய அளவிலான கார், பைக் பந்தயங்கள் நடக்கும் இடம் இது.

பந்தயம் நடக்கும் நாளில் ஒரு முறை போய்ப் பாருங்கள். நேர் ரோட்டில் முந்துவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் யார் வளைவுக்கு எவ்வளவு அருகில் வந்து பிரேக் அடிக்கிறார், வளைவைவிட்டு வெளியே வரும்போது யாருடைய டயர் பிடித்து இழுக்கிறது என்பதில்தான் ரேஸ் முடிவாகும். 'பிரேக்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும்தானா' என்று சுபாரு ரசிகர்கள் கேட்ட கேள்விக்கு அங்கே நின்று பார்த்தால் பதில் கிடைக்கும்.